காத்துக் கங்காணி மகாலிங்கம்

பதுளை மாவட்ட அரசு அலுவலகமான கச்சேரியில் மண்சரிவு எச்சரிக்கை தொடர்பான கூட்டம் முடிந்து நான் படியிறங்கிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. திரையில் தெரிந்த எண் வழக்கத்தைவிட நீளமாக இருந்தது. எந்த நாட்டு எண் என்று பிடிபடவில்லை. மறுமுனையில் ஒரு வயதானவரின் குரல். தன் பெயர் ஹென்ரிக் என்று ஆங்கிலத்தில் சொன்னார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பிறகு ஓர் இடைவெளி விழுந்தது. செயற்கைக்கோள் தொலைபேசியில் குரல் வானத்துக்குப் போய்த் திரும்பி வர எடுக்கும் நேரம் அது என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

மகாலிங்கம் அன்று விடிந்த கொஞ்ச நேரத்தில் படகின் சுக்கானைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாராம். நெஞ்சைப் பிடித்துக்கொண்டாராம். சிறிது நேரத்தில் உயிர் போய்விட்டது. படகு மாலைதீவைத் தாண்டி வெகுதூரம் வந்துவிட்டது, காற்று பின்னாலிருந்து அடிக்கிறது, எதிர்க்காற்றில் திரும்புவதென்றால் வந்ததைவிட இரண்டு மடங்கு நாளாகும், அந்த வெயிலில் உடலை வைத்திருக்க வழியில்லை என்றார். அறிவிக்க வேண்டியவர்களுக்கு அறிவித்துவிட்டு, மதியம் அவரைக் கடலில் இறக்கியிருக்கிறார்கள்.

"எனக்குத் தெரிந்த பிரார்த்தனையைச் சொன்னேன். அது அவருடைய பிரார்த்தனை இல்லை. மன்னிக்க வேண்டும்" என்றார் ஹென்ரிக்.

மகாலிங்கம் என் தங்கை சாந்தியின் கணவர். வயது ஐம்பத்தெட்டு. பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே குடும்பம் வைத்திருந்தவர். அன்று முடிந்த கூட்டத்தில் அந்தத் தோட்டத்துக்கான மண்சரிவு எச்சரிக்கையை நீக்கிவிட்டதாக அறிவித்திருந்தார்கள். தங்கையிடம் நேரில் சொல்லலாம் என்று பசறை பஸ்ஸில் ஏறுவதாக இருந்தேன். அதே பஸ்ஸில்தான் ஏறினேன்.

அவரைத் தெரியாதவர்களுக்கு அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலையில் பிறந்த ஒருவர் நடுக்கடலில் சுக்கானைப் பிடித்தபடி ஏன் இறந்தார் என்பது எங்கள் தோட்டத்து ஆட்களுக்கே இன்னும் முழுதாக விளங்கவில்லை.

பெண் கேட்டு வந்தபோது அவர் தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தார். பறித்த பச்சைக் கொழுந்தை நீளமான தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து பெரிய காற்றாடிகளால் காற்றை ஊதி வாட்டுவார்கள். அந்தக் காற்றாடிகள் அவர் பொறுப்பு. என் அப்பா, "மாப்பிள்ளைக்கு என்னா வேல?" என்று கேட்டார்.

"காத்துப் போடுற வேலைங்க."

அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். "சைக்கிள் கடை சொந்தமா, வாடகையா?"

அந்த வீட்டில் அன்று எழுந்த சிரிப்பில் பாதிக் கல்யாணம் முடிந்துவிட்டது. மகாலிங்கமும் சிரித்தார். பிறகு அப்பாவை ஒருநாள் தொழிற்சாலைக்கே கூட்டிக்கொண்டு போய், காற்றாடியின் முன்னால் நிறுத்தி, "இதுதாங்க மாமா சைக்கிள்" என்று காட்டினார்.

எங்கள் ஊவா மாகாணத்தில் காற்றுக்கு இரண்டு முகம் உண்டு. ஆடி, ஆவணியில் மலையைத் தாண்டி வரும் வறண்ட காற்றில்தான் எங்கள் தேயிலைக்கு அந்தப் பேர்போன வாசம் ஏறுகிறது. தொழிற்சாலையில் இருப்பவர்கள் அதற்காக வருஷம் முழுக்கக் காத்திருப்பார்கள். தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்தில் இருப்பவர்களுக்கோ அதே காற்று கூரைத் தகரத்தைப் பிடுங்கும் காற்று. தகரத்தின் மேல் கல்லும் பழைய டயரும் ஏற்றி வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். "காத்து இருக்கு" என்று லயத்தில் ஒருவர் சொன்னால், போகாதே, வீட்டில் இரு என்று அர்த்தம். என் தங்கை லயத்தில் வளர்ந்து மலையில் கொழுந்து பறித்தவள். அவள் கணவர் தொழிற்சாலைக்காரர்.

தொழிற்சாலையை மூடியபோது அவருக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது. காலியில் உறவினர் ஒருவர் துறைமுகத்தை ஒட்டி எஞ்சின் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருந்தார். அங்கே போய்ச் சேர்ந்தார். மாதத்துக்கு ஒருமுறை ஊருக்கு வருவார். அந்தத் துறைமுகத்துக்கு வெளிநாட்டுப் பாய்ப்படகுகள் வரும். இரண்டு மூன்று பேர் மட்டும் இருந்து, காற்றை நம்பியே சமுத்திரம் கடக்கும் படகுகள். அப்படி வந்த ஒன்றின் எஞ்சினைச் சரிசெய்யப் போனார் மகாலிங்கம். அந்தப் படகின் சொந்தக்காரர்தான் ஹென்ரிக். சரிசெய்த எஞ்சினை ஓட்டிப் பார்க்கத் துறைமுகத்துக்கு வெளியே போனார்கள். பாதியில் ஹென்ரிக் எஞ்சினை நிறுத்திவிட்டுப் பாயை விரித்தாராம்.

"சத்தம் நின்னுருச்சு மச்சான். ஆனா போய்க்கிட்டே இருக்கு" என்று அந்த அனுபவத்தை என்னிடம் சொன்னார். காற்றாடியின் இரைச்சலிலேயே இருபது வருஷம் வேலை செய்தவர் அவர்.

அதன்பிறகு சில பயணங்கள் போனார். முதலில் மாலைதீவு, பிறகு தாய்லாந்துப் பக்கம், ஒருமுறை செஷல்ஸ் வரைக்கும். ஹென்ரிக்கும் அவரும் காலியைச் சேர்ந்த சமன் என்ற சிங்களவரும் போவார்கள். மூன்று பேருக்குக் குறைந்தால் இரவும் பகலும் முறை மாற்றிச் சுக்கான் பிடிக்க முடியாது. வெளிநாடு போய்வந்தவர் என்று தோட்டத்தில் அவரைக் கொண்டாடவெல்லாம் இல்லை. பைத்தியக்காரத்தனம் என்றுதான் நினைத்தார்கள். பக்கத்து வீட்டுக் காம்பராவில் இருக்கும் தங்கராசு அதை நேராகவே கேட்டார்.

"ஏங்க, அந்தத் தண்ணிக்குள்ள அப்படி என்னாதான் இருக்கு?"

"இங்க பாத்தா எல்லாம் மேடு பள்ளம். தண்ணி எடுக்கப் போனாலும் ஏத்தம், கக்கூசுக்குப் போனாலும் எறக்கம். அங்க ஒரே மட்டம் தங்கராசு. கண்ணுக்கு எட்டுற வரைக்கும் மட்டம்."

"மட்டமா? அப்புறம் எதுக்கு மொதத் தடவ மூணு நாளு வாந்தி எடுத்தீங்களாம்? சாந்தி தங்கச்சி சொல்லிருச்சே!"

அவருக்குப் பட்டப்பெயர் வைத்தவரும் தங்கராசுதான். ஊரில் இருக்கும் நாட்களில் மகாலிங்கம் காலையில் எழுந்ததும் லயத்தின் கோடியில் போய் நின்று வானத்தைப் பார்ப்பார். அது கடலில் பழகிய பழக்கம். தோட்டத்தில் அந்த நேரத்தில்தான் பெரட்டு நடக்கும். ஆட்களை வரிசையாக நிறுத்திக் கங்காணி பெயர் வாசித்து வேலைக்கு அனுப்புவார்.

"என்னா காத்துக் கங்காணி, பெரட்டுக்கு மேகமெல்லாம் வந்துருச்சா?"

"வெள்ள மேகம் வந்துருச்சு. அந்தக் கறுப்புதான் லேட்டு."

"விடாதீங்க. அரப் பேரு போடுங்க!"

அரைநாள் கூலிக்கு அரைப் பேர் என்பது தோட்டத்துப் பேச்சு. லேட்டாக வந்த மேகத்துக்கு அரைப் பேர் போட்ட கதை பசறை கடைத்தெரு வரைக்கும் போனது. அன்றிலிருந்து அவர் காத்துக் கங்காணி. அவருக்கு அதில் கோபம் இல்லை. கடையில் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பார்.

ஒருமுறை பத்திரிகைக்கு ஒரு கட்டுரை எழுதலாம் என்று காலிக்குப் போய் அந்தப் படகில் அவர்களோடு தங்கினேன். படகு புறப்படுவதைப் பார்த்து எழுதுவதுதான் எண்ணம். வங்கக் கடலில் காற்றழுத்தம் குறைந்து ஒரு தாழமுக்கம் உருவாகியிருந்ததால் அவர்கள் புறப்படவில்லை. நான் பார்த்ததெல்லாம் காத்திருப்பதைத்தான்.

அதில் எழுத ஒன்றும் இல்லை என்று முதலில் நினைத்தேன். காலையில் ஹென்ரிக் கணினியில் வானிலை வரைபடத்தைத் திறப்பார். மூன்று பேரும் குனிந்து பார்ப்பார்கள். ஹென்ரிக் கணினியை மூடுவார். சமன் பாண் ரொட்டி வாங்கக் கடைக்குப் போவார். மகாலிங்கம் கயிறுகளை அவிழ்த்து மறுபடி சுற்றுவார். கெட்டுப்போகாமலிருக்க முட்டைகளை ஒவ்வொன்றாகத் தலைகீழாகத் திருப்பி வைப்பார். படகின் பின்பக்கத்தில் பச்சை வாழைக்குலை ஒன்று தொங்கியது. கடலில் போகும்போது நாளுக்கு நாலைந்தாகப் பழுக்க வேண்டிய குலை அது. நான் இருந்த நாட்களில் அது துறைமுகத்திலேயே பழுத்துவிட்டது. எல்லோருமாகச் சேர்ந்து தின்று தீர்த்தோம். மகாலிங்கம் சந்தைக்குப் போய் இன்னொரு பச்சைக் குலையைத் தோளில் சுமந்து வந்து அதே இடத்தில் கட்டினார்.

"இது எத்தனையாவது குலை?" என்று கேட்டேன்.

"மூணாவது. நம்ம பயணம் இன்னும் வாழைப்பழத்துலதான் போய்க்கிட்டிருக்கு மச்சான்."

எதிரில் நின்ற ஒரு படகு பொறுக்க முடியாமல் அன்றே புறப்பட்டுப் போனது. போகும்போது அதிலிருந்தவர்கள் இவர்களைப் பார்த்துக் கையசைத்தார்கள். அதில் கொஞ்சம் கேலியும் இருந்தது. அந்தப் படகுக்கு என்ன ஆனது என்று பிறகு விசாரித்தேன். ஒன்றும் ஆகவில்லை. பத்திரமாகப் போய்ச் சேர்ந்து, கடற்கரையில் நின்று எடுத்த படத்தை ஹென்ரிக்குக்கு அனுப்பியிருந்தார்கள். அதைப் பற்றி மகாலிங்கத்திடம் கேட்டேன்.

"நல்லதுதானே. அவங்க நல்லாப் போய்ச் சேந்துட்டாங்க. அதுக்காக நாங்க நின்னது தப்பாயிருமா?" என்றார். பிறகு சொன்னார்: "பொறப்படுறதுக்கு அரை மணித்தியாலம் போதும் மச்சான். பொறப்படாம இருக்கிறதுக்குத்தான் ஆள் வேணும்."

கட்டுரையை நான் எழுதவில்லை. படகு புறப்பட்டிருந்தால் எழுதியிருப்பேன்.

கடைசியாக நடந்ததற்கு வருகிறேன்.

கார்த்திகையில் மழை தொடங்கியபோது அவர் வீட்டில் இருந்தார். ஏற்றத்தில் நடக்கையில் நெஞ்சு இறுக்கிப் பிடிப்பதாகச் சாந்தியிடம் சொல்லியிருக்கிறார். பசறையில் வைத்தியரிடம் காட்டினார்கள். இதயத்தைப் பரிசோதிக்க வேண்டும் என்று அவர் கடிதம் கொடுத்தார். அதைப் பதுளை வைத்தியசாலைக்குக் கொண்டுபோனதும் ஒரு வியாழக்கிழமைக்குத் திகதி கிடைத்தது. அதே வாரத்தில் ஹென்ரிக்கும் கூப்பிட்டார். அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. படகை செஷல்ஸில் கொண்டுபோய் விட்டுவிட்டுக் கடலை நிறுத்திக்கொள்ளப் போவதாகவும், இந்த ஒரு பயணத்துக்கு மகாலிங்கம் வர வேண்டும் என்றும் சொன்னார். மகாலிங்கம் எப்போதோ வாக்குக் கொடுத்திருந்தார். அவர் இல்லாவிட்டால் மூன்றாவது ஆள் இல்லை.

சாந்தி சண்டை போட்டாள். நானும் பேசினேன்.

"வானத்தப் பாருங்க மச்சான்" என்றார் என்னிடம். "கடல்ல தாழமுக்கம் நிக்குது. இது இப்போதைக்குத் தெளியாது. நான் போய் எஞ்சின் வேலைய முடிச்சுக் குடுத்துட்டு, வியாழக்கிழமைக்கு வந்து டெஸ்ட எடுத்துக்கிறேன். அதுக்கப்புறம் டொக்டர் போகலாம்னா போறேன். வேணாம்னா இல்ல."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. இத்தனை வருஷத்தில் அவர் அவசரப்பட்டுப் புறப்பட்டு நான் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை காலிக்குப் போனார்.

அதற்குப் பிறகு எல்லாம் மழையின் கையில் இருந்தது. வியாழன் வரைக்கும் மழை நீடித்தால் அவர் வீட்டுக்கு வருவார். அதற்கு முன்னால் வெளுத்தால் படகு போய்விடும். என் தங்கைக்கு அந்த வாரம் வேறு நினைப்பே இல்லை. ஆனால் அவள் இருந்த லயத்துக்குப் பின்னால் ஒரு மண்மேடு இருக்கிறது. மழை கூடினால் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுங்கள் என்று அதிகாரிகள் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். மேட்டின் அடியில் ஏற்கனவே மண் உதிர்ந்துகொண்டிருந்தது. லயத்து ஆட்கள் மாலையில் மாரியம்மன் கோயிலில் கூடி, மழை நிற்க வேண்டும் என்று விளக்கேற்றிக் கும்பிட்டார்கள். அந்தக் கூட்டத்தில் சாந்தியும் நின்றாள்.

திங்கட்கிழமை அவளைப் பார்க்கப் போனபோது அடுப்படியில் வைத்து மெதுவாகச் சொன்னாள்.

"எல்லாரும் மழை நிக்கணும்னு கும்புடுறாங்கண்ணே. நான் ஒருத்தி மட்டும் வியாழக்கிழம வரைக்கும் பெய்யட்டும்னு கும்புடுறேன். தங்கராசண்ணன் வேற, ‘என்னா தங்கச்சி, ஆத்தாகிட்ட இவ்வளவு நேரம் கேக்குற, எங்களுக்கும் சேத்துக் கேளு’ங்குறாரு. அவரு மொகத்த என்னால பாக்க முடியல. அவரு வீடும் அந்த மேட்டுக்குக் கீழதானே இருக்கு."

பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொன்னால் உடனே போ என்று மட்டும் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை மாலை மகாலிங்கம் அவளைக் கூப்பிட்டார். தோட்டத்தில் மழை நேரத்தில் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். பேச்சு சரியாகக் கேட்கவில்லை. சீக்கிரமே அறுந்தும் போனது. அவள் உடனே என்னைக் கூப்பிட்டாள். குரலில் அப்படி ஒரு நிம்மதி.

"போகலையாம்ணே! காத்தாம். நாளைக்கு பஸ் ஏறிருவாரு. நான் வியாழக்கிழம வைத்தியசாலைக்குக் கூட்டிக்கிட்டு வந்துர்றேன். நீங்க அங்க வந்துருங்க."

புதன்கிழமை காலையில் மழை விட்டது. லயத்தில் ஆட்கள் வெளியே வந்து வெயிலில் துணி உலர்த்தினார்கள். சாந்தியும் அன்று தங்கராசைப் பார்த்துச் சிரித்தாளாம். பின்னேரம் பசறைக்கு இறங்கி, பதுளையிலிருந்து வரும் பஸ்களைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். கடைசி பஸ் வரைக்கும் அவர் வரவில்லை. தொலைபேசியும் வேலை செய்யவில்லை. மாத்தறை வழியாக வரும்போது எங்காவது வீதி அடைபட்டிருக்கும், நேராக வைத்தியசாலைக்கே வந்துவிடுவார் என்று தானே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

வியாழக்கிழமை நான் வைத்தியசாலைக்குப் போனபோது அவள் வாங்குப் பலகையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். அவருடைய பழைய மருந்துச் சீட்டுகளை ஒரு பையில் போட்டு மடியில் வைத்திருந்தாள். தாதி வெளியே வந்து பெயர் கூப்பிட்டார்.

"மகாலிங்கம்! மகாலிங்கம் வந்திருக்காரா?"

"வந்துக்கிட்டிருக்காருங்க மிஸ்ஸி" என்று சாந்தி எழுந்து நின்று சொன்னாள்.

அந்தத் தாதி நல்ல பெண். கடைசியாகக் கூப்பிடுகிறேன் என்று சொல்லி அவருடைய அட்டையை அடியில் வைத்தார். எல்லோரும் முடிந்த பிறகு மறுபடி வந்து கூப்பிட்டார். பிறகு வேறொரு திகதி போட்டுக் கொடுத்தார்.

நான் வெளியே வந்து காலிப் பட்டறைக்குத் தொலைபேசி எடுத்தேன். படகு புதன்கிழமை விடியவே போய்விட்டது என்றார் அந்த உறவினர். தாழமுக்கம் நகர்ந்துவிட்டதாம். எதிர்பார்த்ததற்கு முன்பே நல்ல வடகிழக்குக் காற்று பிடித்துவிட்டதாம்.

சாந்தி நம்பவில்லை. "அதெப்படிண்ணே? காத்துன்னு அவருதானே சொன்னாரு?"

என் பத்திரிகைத் தொழிலில் நாற்பது வருஷமாக நான் கேட்டு வரும் கேள்வியை அப்போதுதான் அவளிடம் கேட்டேன். "அவர் சொன்ன வார்த்தை என்னம்மா? அப்படியே சொல்லு."

"‘நாளைக்குக் காத்து இருக்கு சாந்தி’ன்னாரு."

"நீ என்ன சொன்ன?"

"‘நல்லதாப் போச்சு. அப்பச் சரி’ன்னேன். அதோட லைன் கட்டாயிருச்சு."

பாய்ப்படகுக்குக் காற்று என்றால் என்ன என்று அந்த வாங்கில் உட்கார்ந்து அவளுக்கு விளக்கினேன். அவர் வரைபடத்தைப் பார்த்துப் பார்த்துக் காத்திருந்தது அந்தக் காற்றுக்குத்தான் என்றேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "அது சொன்னதாண்ணே? சொல்லாமத்தான் போயிருக்காரு" என்றாள். அடுத்து வந்த நாட்களிலும் அதையேதான் சொன்னாள். அவர் இறந்த செய்தியை நான் கொண்டுபோன அன்று மாலை வாசல் திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்து அவள் அழுததும் அந்தச் சொற்களைச் சொல்லித்தான். சொல்லாமப் போயிட்டாரே, சொல்லாமப் போயிட்டாரே.

கடலின் விஷயத்தில் ஒரு நாளைக்கூட அவசரப்படுத்தாத மனிதர் தன் நெஞ்சுக்கு ஒரு நாள் கொடுக்கவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியாது. அப்படி ஒரு காற்று பிறகு எப்போது கிடைக்கும் என்ற எண்ணமாக இருக்கலாம். ஹென்ரிக்கின் வயதை நினைத்திருக்கலாம். பரிசோதனைக்குப் பயந்திருக்கவும் கூடும். இல்லாத காரணத்தை அவர் வாயில் போட நான் விரும்பவில்லை.

மறுநாள் காலை படகிலிருந்து மறுபடி அழைப்பு வந்தது. இந்தமுறை பேசியவர் சமன். பல வருஷம் கூடவே இருந்து மகாலிங்கத்திடமே தமிழ் பழகியவர் என்பதால் அவர் பேசுவதும் தோட்டத்துத் தமிழ்தான். அக்காவிடம் பேச வேண்டும் என்றார். தொலைபேசியைச் சாந்தியிடம் கொடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.

அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அன்னைக்கு என்கிட்டப் பேசிட்டு என்னா சொன்னாரு?"

இடைவெளி விழுந்தது. பின்னால் தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

"அய்யா போன வச்சிட்டு சிரிச்சாரு அக்கா. ‘நான் பயந்துக்கிட்டே எடுத்தேன் சமன். சண்ட போடுவான்னு பாத்தா, நல்லதாப் போச்சு, சரின்னு சொல்லிட்டா. இனி என்னா? காலையில கயித்த அவுத்துறலாம்’னு சொன்னாரு. அன்னைக்கு அவருதான் சமைச்சாரு. ரொம்ப சந்தோசமா இருந்தாரு அக்கா."

சாந்தி தொலைபேசியை என்னிடம் நீட்டிவிட்டாள். சமன் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நான்தான் பேசி முடித்தேன்.

"போகலைன்னு நெனச்சுத்தாண்ணே அப்படிச் சொன்னேன்" என்றாள்.

"தெரியும்மா."

"உங்களுக்குத் தெரியும். அவருக்குத் தெரியாதில்ல."

தன் மனைவி மகிழ்ச்சியாக வழியனுப்பினாள் என்ற நினைப்போடு அவர் போயிருக்கிறார் என்று ஆறுதல் சொன்னவர்கள் இருந்தார்கள். அவள் அதைக் கேட்டுத் தலையை மட்டும் ஆட்டினாள்.

அன்று காலை லயத்து ஆம்பிளைகள் வந்தார்கள். தோட்டத்தில் சாவு விழுந்தால் சொல்லி அனுப்பாமலே நாலைந்து பேர் மம்பட்டியை எடுத்துக்கொண்டு குழி வெட்டப் புறப்படுவார்கள். தங்கராசு முன்னால் வந்தார். அவர் பின்னால் நாலு பேர், ஆளுக்கொரு மம்பட்டியோடு. வாசலுக்கு வந்த பிறகுதான் அவர்களுக்கு உறைத்தது. உடல் இல்லை, குழிக்கும் வேலை இல்லை. இஸ்தோப்பில் ஒரு முக்காலியில் அவருடைய படம் மட்டும் இருந்தது. மேளம் வேண்டாம் என்று சாந்தி சொல்லியிருந்தாள். ஐந்து பேரும் தோளில் மம்பட்டியோடு அப்படியே நின்றார்கள். உட்காரவும் இல்லை, திரும்பிப் போகவும் இல்லை.

தங்கராசு வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனார். அந்த வார மழையில் மேட்டிலிருந்து உதிர்ந்த மண், லயத்துக்குப் பின்னால் ஓடும் வடிகால் கானை முழுதாக மூடியிருந்தது. தண்ணீர் போக வழியில்லாமல் சுவரை ஒட்டித் தேங்கி நின்றது. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வெட்டத் தொடங்கினார். மற்றவர்களும் இறங்கினார்கள். வழக்கமாக அவர்கள் வேலை செய்தால் லயமே கேட்கும்படி கேலியும் சிரிப்புமாக இருக்கும். அன்று மம்பட்டிச் சத்தம் மட்டும் கேட்டது. உள்ளே பெண்கள் சாந்தியைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். மதியத்துக்கு மேலும் வெட்டினார்கள். என் தங்கையின் காம்பராவுக்குப் பின்னால் தொடங்கி, லயத்தின் கோடி வரைக்கும் கொண்டுபோய் ஓடையில் சேர்த்தார்கள்.

வெயில் சாயும் நேரத்தில் சாந்தி எழுந்து பின்பக்கம் போய்ப் பார்த்தாள்.

"எவ்வளவு ஆழம்ணே?" என்று கேட்டாள்.

தங்கராசு கானுக்குள் நின்றபடியே, "இடுப்பளவு இருக்கும்மா. இனி தண்ணி நிக்காது" என்றார்.

அவள் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். அவர்கள் ஊற்றுநீர் விழும் பீலியில் கைகால் கழுவி, தலையிலும் கொஞ்சம் தண்ணீர் தெளித்துக்கொண்டார்கள். சுடுகாட்டிலிருந்து திரும்புகிறவர்கள் செய்வதைப் போல. பிறகு மம்பட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவராகத் தங்கள் காம்பராக்களுக்குப் போனார்கள். ஒருவரும் போய்வருகிறேன் என்று சொல்லவில்லை. சாவு வீட்டிலிருந்து அப்படிச் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

நான் இதை எழுதும் நேரத்தில் அந்தப் படகு இன்னும் கரை சேரவில்லை. இரண்டு பேர் முறை மாற்றிச் சுக்கான் பிடித்துப் போய்க்கொண்டிருக்கிறார்கள். காற்று நன்றாக இருப்பதாகச் சமன் சொன்னார்.

மகாலிங்கம் மச்சான், நானும் சொல்லிக்கொள்ளாமலே எழுந்து போகிறேன்.